ஆர்டுயினோ ஐடிஇ 2: விட்டுப்போன செமிகோலனைக் கண்டுபிடிக்க எவ்வளவு உதவும்?

17-ஆவது வரியில் பிழை என்று சிவப்பில் காட்டுகிறது. அந்த வரியை எத்தனை தடவை படித்தாலும் குறை கண்ணில் படாது. ஏனென்றால் செமிகோலன் விட்டுப்போனது 16-ஆவது வரியின் கடைசியில். மைக்ரோகன்ட்ரோலருக்குக் கோடு எழுதப் பழகுகிறவர்களின் மாலை நேரங்களை விழுங்குவது பெரும்பாலும் இந்த ஒரு வரி இடைவெளிதான். ஆர்டுயினோ போர்டுகளுக்குக் கோடு எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ 2 அந்த இடைவெளியைக் குறைக்கிறதா என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். சீரியல் பிளாட்டர், டீபக்கர், போர்டு மேனேஜர் பற்றியெல்லாம் பேச்சில்லை.

கருவி நல்ல கருவிதான். ஆனால் இன்ஸ்டால் செய்தவுடன் இருக்கும் நிலையில் அது தனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறது. இரண்டு அமைப்புகளை மாற்றி, ஒரு ஷார்ட்கட்டைப் பழக்கிக்கொண்டால்தான் முழுதாக வாய் திறக்கும். (கட்டளைப் பெயர்களையும் எரர் வாசகங்களையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறது. திரையில் அவை ஆங்கிலத்தில்தான் வரும்.)

ஒரே கோடை இருவர் படிக்கிறார்கள்

2022 செப்டம்பரில் வெளியான 2.0 பதிப்பு, பழைய 1.8 வரிசையின் மேல் பூசிய புதுச் சாயம் இல்லை. ஈக்லிப்ஸ் தியா என்ற அடித்தளத்தின் மேல் புதிதாகக் கட்டியது. அதில் நமக்கு வேண்டிய வேறுபாடு ஒன்றுதான்: உங்கள் ஸ்கெட்சை, அதாவது ஆர்டுயினோ புரோகிராமை, இப்போது இரண்டு பேர் படிக்கிறார்கள். வெரிஃபை பட்டனை அழுத்தினால் வேலை செய்வது, கோடை போர்டுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர். ஊனோ, நேனோ, மெகா போன்ற ஏவிஆர் (சிப் வகையின் பெயர்) போர்டுகளுக்கு அது 7.3 பதிப்பு. எடிட்டருக்குள் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போதே படிப்பது கிளாங்டி என்ற இன்னொரு புரோகிராம். பரிந்துரைப் பட்டியல் காட்டுவதும், ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தாவிக் காட்டுவதும் இதன் வேலை.

இருவரும் ஒரே பிழையை எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். செட்டப் (தொடக்கத்தில் ஒரு முறை ஓடும் ஃபங்ஷன்) உள்ளே இந்த இரண்டு வரிகள்:

பின்மோட்(13, அவுட்புட்)
டிஜிட்டல்ரைட்(13, ஹை);

முதல் வரியில் செமிகோலன் இல்லை. ஜிசிசி 7.3 இதற்கு "எக்ஸ்பெக்டட் ';' பிஃபோர் 'டிஜிட்டல்ரைட்'" என்று எழுதி, இரண்டாம் வரியின் எண்ணைக் கொடுத்து, அந்தச் சொல்லுக்குக் கீழே அலைக்குறி போடுகிறது. கம்பைலருக்குப் புதுவரி என்பது வெறும் இடைவெளிதான். பின்மோட் முடிந்தபின் செமிகோலனைத் தேடிப் போகிறது, வேறு சொல் எதிர்ப்படுகிறது, எதிர்ப்பட்ட இடத்தில் நின்று புகார் எழுதுகிறது. ஆகவே அந்த வாக்கியத்தில் கவனிக்க வேண்டிய சொல் "பிஃபோர்". அதைப் பார்த்ததும் கண் மேல் வரியின் கடைசிக்குப் போக வேண்டும். நடுவில் காலி வரியோ கமென்டோ பத்து இருந்தாலும் அவற்றையும் தாண்டி மேலே போக வேண்டும்.

கிளாங்டி அதையே "எக்ஸ்பெக்டட் ';' ஆஃப்டர் எக்ஸ்பிரஷன்" என்கிறது; சிவப்பு நெளிகோட்டை முதல் வரியின் கடைசியிலேயே, மூடும் பிராக்கெட்டை ஒட்டிப் போடுகிறது. "முன்னால்" என்பதற்குப் பதில் "பின்னால்". இந்த ஒரு சொல் மாற்றம் புதியவருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இங்கேதான் முதல் குறை. கிளாங்டியின் இந்த நெளிகோடுகள் தொடக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண பிரிஃபரன்ஸஸ் ஜன்னலில் அதற்கான பெட்டியும் கிடையாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் "ஓப்பன் செட்டிங்ஸ்" என்பதன் யூஐ வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே "ரியல்டைம் டயக்னாஸ்டிக்ஸ்" என்று தேடி டிக் போட வேண்டும். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களால் கண்டுபிடிக்கவே முடியாத இடம்.

டிக் போட்டபின்னும் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். போர்டு எது என்று தேர்ந்தெடுத்து, அதற்குரிய போர்டு பேக்கேஜும் இன்ஸ்டால் ஆகியிருந்தால்தான் கிளாங்டி வேலை செய்யும். இன்னொன்று, அது கம்பைலர் அல்ல. சரியான கோடுக்கும் சில நேரம் நெளிகோடு போடும். நெளிகோடு உண்டு, வெரிஃபை சுத்தமாக முடிகிறது என்றால் வெரிஃபையை நம்புங்கள்.

வார்னிங்கை அணைத்து வைத்திருப்பது பெரிய தப்பு

பிரிஃபரன்ஸஸில் "கம்பைலர் வார்னிங்ஸ்" என்ற பட்டியலில் நன், டிஃபால்ட், மோர், ஆல் என நான்கு நிலைகள். தொடக்கத்தில் இருப்பது நன். அப்படியென்றால் கம்பைலருக்கு "எந்த வார்னிங்கும் எழுதாதே" என்ற கொடியே (ஃபிளாக், கம்பைலருக்குத் தரும் குறிப்பு) போகிறது. இதை ஆல் ஆக்குங்கள். மோர் போதாது, காரணம் கீழே.

ஒற்றை சமக்குறி. இஃப் பிராக்கெட்டுக்குள் "நிலை == 1" என்பதற்குப் பதில் "நிலை = 1" என்று எழுதினால் இலக்கணப்படி அது சரியான கோடு. நிலைக்கு 1 கொடுக்கப்படுகிறது, கண்டிஷன் எப்போதும் உண்மை, பட்டனைத் தொடாமலே எல்இடி எரிகிறது. வயரிங்கில் கோளாறு என்று நினைத்து பிரெட்போர்டைப் பிரிப்பவர்கள் உண்டு. மோர் நிலையிலேயே கம்பைலர் "சஜஸ்ட் பேரன்திசிஸ் அரவுண்ட் அசைன்மென்ட் யூஸ்டு ஆஸ் ட்ரூத் வேல்யூ" என்று சொல்லிவிடும். நன் நிலையில் மூச்சு விடாது.

இஃப் வரியின் கடைசியில் தவறிப் போட்ட செமிகோலன் இன்னும் கள்ளத்தனமானது. "இஃப் (அளவு > 500);" என்று எழுதி அடுத்த வரியில் கர்லி பிராக்கெட் திறந்தால், கண்டிஷன் அந்த செமிகோலனோடு முடிந்துவிடுகிறது; பிராக்கெட்டுக்குள் இருப்பது எப்போதும் ஓடும். இதைப் பிடிக்கும் வார்னிங் ஆல் நிலையில்தான் வரும்: "சஜஸ்ட் பிரேசஸ் அரவுண்ட் எம்ப்டி பாடி". கீழே எல்ஸ் இருந்தால் கதை வேறு. வார்னிங் இல்லாமலே "'எல்ஸ்' வித்தவுட் எ பிரீவியஸ் 'இஃப்'" என்று எரர் வந்து நிற்கும். எல்ஸ் வரியில் தேடாதீர்கள். அதற்கு மேலுள்ள இஃப் வரியின் வால் நுனியைப் பாருங்கள்.

சுவிட்ச் கேஸுக்குள் வேரியபிள் அறிவிப்பதும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். ஏவிஆர் போர்டுகளுக்கு ஐடிஇ அனுப்பும் கொடிகளில் "பர்மிஸிவ்" என்ற ஒன்று உண்டு; எரராக வேண்டிய சிலவற்றை அது வார்னிங்காகக் குறைத்துவிடும். ஒரு கேஸுக்குள் மதிப்பு கொடுத்து வேரியபிள் அறிவித்தால் வர வேண்டிய "ஜம்ப் டு கேஸ் லேபிள்" எரர் இப்படி வார்னிங்காகி, நன் நிலையில் அதுவும் மறைந்து, அடுத்த கேஸ்கள் விசித்திரமாக நடந்துகொள்ளும். அந்தக் கொடி இல்லாத போர்டுக்கு மாற்றினால் அதே கோடு எரராகிறது. கேஸின் உள்ளடக்கத்தைக் கர்லி பிராக்கெட்டுக்குள் போட்டால் தீர்ந்தது.

ஆல் வைத்தால் லைப்ரரிகளின் வார்னிங்குகளும் சேர்ந்து கொட்டும் என்ற குறை உண்மையானது. ஃபைல் பெயரைப் பார்த்து, உங்கள் ஸ்கெட்சின் பெயரில் வருவதை மட்டும் படியுங்கள்.

கர்லி பிராக்கெட்: கன்ட்ரோல் + டி

செட்டப்பை மூடும் கர்லி பிராக்கெட்டை மறந்தால் வரும் வாசகம் "எ ஃபங்ஷன் டெஃபினிஷன் இஸ் நாட் அலவுடு ஹியர் பிஃபோர் '{' டோக்கன்". வரி எண் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஃபங்ஷன்) தொடங்கும் இடத்தைக் காட்டும். புதியவர் லூப் வரியை முறைத்துப் பார்க்கிறார். அதில் குறையே இல்லை. ஆனால் விடை அதற்கு மேலேயே எழுதியிருக்கிறது. எரருக்கு முந்தைய வரியில் "இன் ஃபங்ஷன் 'வாய்டு செட்டப்()'" என்று இருக்கும். லூப் வரியைச் சுட்டிக்காட்டிக்கொண்டே "இது செட்டப்புக்குள் இருக்கிறது" என்கிறது கம்பைலர். செட்டப் மூடப்படவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கூடவே கடைசியில் "எக்ஸ்பெக்டட் '}' அட் எண்ட் ஆஃப் இன்புட்" வரும். அது ஃபைலின் கடைசி வரியைக் காட்டுவதால் பலரும் அங்கே ஒரு பிராக்கெட்டைச் சேர்த்துவிட்டு, எரர் போகவில்லையே என்று திகைப்பார்கள்.

ஒரு பிராக்கெட் கூடிப்போனால் நிலைமை இன்னும் சத்தமானது. லூப்பின் நடுவில் ஒரு '}' அதிகம் என்றால் ஃபங்ஷன் அங்கேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரியும் ஃபங்ஷனுக்கு வெளியே அநாதையாக நிற்கும். "'சீரியல்' டஸ் நாட் நேம் எ டைப்", "எக்ஸ்பெக்டட் அன்குவாலிஃபைடு ஐடி பிஃபோர் 'இஃப்'", கடைசியில் "எக்ஸ்பெக்டட் டிக்ளரேஷன் பிஃபோர் '}' டோக்கன்" என்று வரிசையாகக் குவியும். "சீரியல்" என்பதே தெரியாது என்று கம்பைலர் சொல்வதாக எடுத்துக்கொண்டு லைப்ரரியைத் தேடிப் போக வேண்டாம். ஃபங்ஷனுக்கு வெளியே ஒரு வரி ஒரு சொல்லில் தொடங்கினால் அது ஏதாவது ஒரு டைப்பின் பெயராக இருக்க வேண்டும், "சீரியல்" டைப் அல்ல, அவ்வளவுதான் அதன் பொருள்.

இரண்டு கோளாறுக்கும் ஐடிஇ 2 தரும் மருந்து கன்ட்ரோல் + டி, அதாவது ஆட்டோ ஃபார்மேட். எரர் உள்ள கோடிலும் இது ஓடும். ஓடியபின் இடது ஓரத்தை மட்டும் பாருங்கள். "வாய்டு லூப்" ஓரத்தை ஒட்டாமல் இரண்டு இடைவெளி உள்ளே தள்ளி நிற்கிறதா? மேலே எங்கோ மூடும் பிராக்கெட் குறைகிறது. லூப்புக்குள் இருக்க வேண்டிய வரிகள் திடீரென்று ஓரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டனவா? அவை ஒட்டத் தொடங்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு பிராக்கெட் அதிகம். எரர் வாசகத்தைப் படிக்காமலேயே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே ஐடிஇயை வைத்திருக்கலாம். மேற்கோள்குறி மூடாமல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

ஒரு எரர், பதினைந்து சிவப்பு வரிகள்

வெரிஃபை தோற்றதும் கீழே வலப்புறம் "கம்பைலேஷன் எரர்" என்று ஓர் அறிவிப்புப் பெட்டி வருகிறது. அதில் காட்டுவது முதல் எரரின் வாசகம். நல்ல முடிவு, திருத்த வேண்டியதும் முதல் எரரைத்தான், மற்றவை அதன் குட்டிகளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவுட்புட் பலகை கடைசி வரிக்கு ஓடி நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் குட்டிகள். எடிட்டரிலும் எரர் வந்த எல்லா வரிகளுக்கும் சிவப்புப் பூசப்படுகிறது, தப்பே செய்யாத வரிகளுக்கும் சேர்த்து. பெட்டியிலுள்ள "காப்பி எரர் மெசேஜஸ்" பட்டனை அழுத்தி, வேறு எடிட்டரில் ஒட்டி, மேலிருந்து படியுங்கள். முதல் எரரைத் திருத்துங்கள், மறுபடி வெரிஃபை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தப் போனால் சரியாக இருந்த வரிகளில் புதிய பிழைகளை நீங்களே நட்டுவிடுவீர்கள்.

வாசகத்தை அப்படியே கட்டளையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. டிஜிட்டல்ரைட்(13 ஹை) என்று காற்புள்ளியை விட்டுவிட்டால் "எக்ஸ்பெக்டட் ')' பிஃபோர் நியூமெரிக் கான்ஸ்டன்ட்" என்று வருகிறது. அது கேட்கிறதே என்று 13-க்குப் பின் பிராக்கெட்டை மூடினால் இன்னொரு எரர். 13-க்குப் பிறகு எண் எதையும் எழுதாதபோது "நியூமெரிக் கான்ஸ்டன்ட்" எங்கிருந்து வந்தது? "ஹை" என்பது 1 என்ற எண்ணுக்கு வைத்த மேக்ரோ பெயர். கம்பைலர் பார்க்கும்போது அங்கே எண்தான் இருக்கிறது.

மேக்ரோ செய்யும் குழப்பங்களில் உச்சம் "டிஃபைன்" வரியில் போடும் செமிகோலன். "#டிஃபைன் லெட் 13;" என்று எழுதினால், லெட் என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் செமிகோலனோடு சேர்ந்து "13;" ஒட்டப்படும். நூறு வரி கீழே டிஜிட்டல்ரைட்(லெட், ஹை) உடைந்து "எக்ஸ்பெக்டட் ')' பிஃபோர் ';' டோக்கன்" என்கிறது. அந்த வரியில் தப்பான இடத்தில் செமிகோலன் எதுவும் இருக்காது. "இன் எக்ஸ்பான்ஷன் ஆஃப் மேக்ரோ 'லெட்'" என்று ஒரு நோட் வரி கூடவே வரும். எரர் வரிகளை மட்டும் படித்து நோட்டைத் தாண்டிப் போகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். போர்டின் பின் (கால்) எண்ணுக்கு மேக்ரோவே வேண்டாம், கான்ஸ்ட் இன்ட் (மாறாத முழு எண்) போதும். தப்பு செய்தாலும் செய்த வரியிலேயே தெரியும்.

பெயர் மோதலும் இதே வகை. முதல் பட்டனுக்கு ஆங்கில பி எழுத்தோடு 1 சேர்த்துப் பெயர் வைத்தால் "எக்ஸ்பெக்டட் அன்குவாலிஃபைடு ஐடி பிஃபோர் நியூமெரிக் கான்ஸ்டன்ட்". பைனரி எண்களுக்காக பி0, பி1 என்று தொடங்கி எட்டு இலக்கம் வரை ஆர்டுயினோ ஏற்கெனவே மேக்ரோக்கள் வைத்திருக்கிறது. "பட்டன்1" என்று முழுதாக எழுதுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

இணையப் பக்கத்திலோ வேர்டு ஃபைலிலோ இருந்து ஒட்டிய கோடில் "ஸ்ட்ரே '\342' இன் புரோகிராம்" வந்தால், ஏதோ ஓர் எழுத்து ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகளின் தொகுப்பு) அல்ல. ஏவிஆர் கம்பைலர் அந்த எழுத்தின் பைட்டுகளை ஒவ்வொன்றாக ஆக்டலில் (எட்டை அடிமானமாகக் கொண்ட எண்களில்) சொல்கிறது. \342 \200 \234, \342 \200 \235 என்று மூன்று மூன்றாக வந்தால் சாய்ந்த மேற்கோள்குறிகள். \342 \200 \223 என்றால் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் நீண்ட கோடு. \302 \240 என்றால் உடையா இடைவெளி. திரையில் சாதாரண இடைவெளி போலவே இருக்கும். \342 \200 \213 அகலமே இல்லாத இடைவெளி, பார்க்கவே முடியாது. வரியை முழுக்க அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டச்சு செய்வதே வேகமான வழி.

தமிழில் கமென்ட் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: \340 \256 அல்லது \340 \257 என்று தொடங்கினால் அது தமிழ் எழுத்து. கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து ஒரு எழுத்து கோடுக்குள் விழுந்திருக்கும். கமென்டுக்குள்ளும் மேற்கோளுக்குள்ளும் தமிழ் இருந்தால் கம்பைலருக்கு ஆட்சேபம் இல்லை.

வரி எண்ணே வேறு ஃபைலில்

ஸ்கெட்சில் பல ஐஎன்ஓ டேப் இருந்தால் ஐடிஇ அவை எல்லாவற்றையும் ஒரே சிபிபி (சி++) ஃபைலாக ஒட்டுகிறது. முதன்மை டேப் முதலில், மற்றவை அகரவரிசையில். பிறகு ஃபங்ஷன்களுக்கு முன்னறிவிப்புகளையும் (புரோட்டோடைப்) தானே எழுதிச் சேர்க்கிறது. அதனால் ஒரு டேப்பின் கடைசியில் பிராக்கெட் குறைந்தால் புகார் அடுத்த டேப்பின் முதல் ஃபங்ஷனில் வரும். லைப்ரரியைச் சேர்க்கும் இன்க்ளூட் வரிக்கு நேர் மேலே செமிகோலன் விட்டுப்போனால் புகார் அந்த லைப்ரரியின் ஃபைலுக்குள் போய் விழும். நீங்கள் திறந்தே பார்க்காத ஃபைலில் எரர் என்றால் லைப்ரரியை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கு முன் இன்க்ளூடுக்கு மேல் வரியைப் பாருங்கள்.

தானாக எழுதும் முன்னறிவிப்பு இன்னொரு வம்பையும் இழுக்கிறது. அவை முதல் ஃபங்ஷனுக்கு மேலே வைக்கப்படுகின்றன. அதற்குக் கீழே ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்து நாமே உருவாக்கும் டைப்) எழுதி, அதையே ஒரு ஃபங்ஷனின் அளபுருவாக (பாராமீட்டர்) கொடுத்தால், ஸ்ட்ரக்டை அறிவிப்பதற்கு முன்பே அதன் பெயர் வந்துவிடும். "வாஸ் நாட் டிக்ளேர்டு இன் திஸ் ஸ்கோப்" என்று சரியாக எழுதிய கோடுக்கு எரர். ஸ்ட்ரக்டை எல்லா ஃபங்ஷனுக்கும் மேலே, அல்லது தனி ஹெடர் ஃபைலுக்கு நகர்த்துங்கள். இது முழுக்க ஐடிஇ உண்டாக்கும் தொல்லை, எழுதியவர் தப்பு இல்லை.

வரி எண்ணே இல்லாமல் "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு 'லூப்'" என்று வந்தால் சின்டாக்ஸில் தேட வேண்டாம். லூப் என்ற பெயரில் எழுத்துப்பிழை, பெரும்பாலும் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்கும்.

யாருக்கு எது

64-பிட் இல்லாத பழைய கணினி என்றால் பேச்சே இல்லை, 1.8.19 தான். அங்கே கிளாங்டி கிடையாது. வார்னிங்கை ஆல் வைப்பது மட்டும் கைகொடுக்கும். ஸ்கெட்ச் பல டேப்களாக வளர்ந்துவிட்டவர்கள் விஎஸ் கோடு எடிட்டரில் இயங்கும் பிளாட்ஃபார்ம்ஐஓ என்ற கருவிக்குப் போகலாம். அங்கே சிபிபி ஃபைல்களாக எழுதினால் யாரும் ஒட்டுப்போடுவதில்லை, முன்னறிவிப்பும் நீங்களே எழுத வேண்டும். பதிலுக்கு எரர் காட்டும் ஃபைல் நீங்கள் எழுதிய ஃபைலாகவே இருக்கும். தொடக்க நிலையில் அந்த அமைப்பு வேலைகளுக்கு உட்காருவது வீண். ஐடிஇ 2 போதும்.

ஐடிஇ 2-க்குள்ளேயே இன்னொரு வழியும் உண்டு. ஜிசிசி 8 முதல், விட்டுப்போன செமிகோலனை அது விட்டுப்போன வரியிலேயே கம்பைலர் காட்டுகிறது. மூடாத பிராக்கெட்டுக்கு, திறந்த பிராக்கெட் எது என்பதையும் நோட்டாகச் சொல்கிறது. ஊனோவுக்கான 7.3-க்கு இது தெரியாது. ஈஎஸ்பி32 என்ற வேறு வகை மைக்ரோகன்ட்ரோலருக்கான போர்டு பேக்கேஜின் 3 வரிசையில் இருப்பது ஜிசிசி 12 அல்லது அதற்குப் பிந்தியது. எரர் புரியாமல் நிற்கும்போது டூல்ஸ் மெனுவில் போர்டை ஈஎஸ்பி32-க்கு மாற்றி ஒரு முறை வெரிஃபை மட்டும் கொடுங்கள். போர்டு கையில் இருக்க வேண்டியதில்லை. ஏவிஆர் ரெஜிஸ்டர்களைத் தொடும் வரிகளுக்கும், ஏவிஆருக்கே உரிய லைப்ரரிகளுக்கும் புது எரர் வரும், அவற்றைப் புறக்கணியுங்கள். செமிகோலனும் பிராக்கெட்டும் எந்த போர்டிலும் ஒன்றுதான். இடத்தைக் குறித்துக்கொண்டு, அப்லோடு செய்வதற்கு முன் போர்டை மறக்காமல் ஊனோவுக்குத் திருப்புங்கள்.